நெற்றி அசையவில்லை

போன மார்கழியில் ஒரு காலை, புனேயில், கட்கியிலுள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் ரஞ்சன்காவ் கம்பெனிக்குக் கிளம்பக் குளித்து, திருநீறு பூசி, டீ குடிக்க உட்கார்ந்தார். டீ வாயோரமாக வழிந்து சட்டையில் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால், வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. வலது கண் மூடவில்லை.

"என்னடி, பேயைப் பார்க்கிற மாதிரி பார்க்கிற?" என்றார். சொல் குழறியது.

பக்கத்து வீட்டு மராட்டி அம்மா எட்டிப் பார்த்து, "லக்வா" என்றாள். பக்கவாதத்துக்கு இங்கே அதுதான் பேர். அதில் படுத்த என் மாமனார் எழுந்திருக்கவே இல்லை. ரிக்‌ஷாவில் வீட்டுக்காரர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கை காலைத் தூக்கச் சொன்னார். இவர் தூக்கினார். அடுத்து, புருவத்தை ஏற்றச் சொன்னார். முருகா, நெற்றியையாவது விட்டுவை, அது அசையட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இடது பக்கம் திருநீற்றுப் பட்டை மடிந்து சுருங்கியது. வலது பக்கம் பூசினது பூசினபடி நின்றது.

டாக்டரம்மா, "அச்சா ஹை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாதி மூஞ்சி செத்துக் கிடக்குது, நல்லதுங்கிறாங்களே" என்று தமிழிலேயே அழுதேன்.

பாஷை புரியாவிட்டாலும் அழுகை புரிந்திருக்கும். என்னை உட்காரவைத்து, ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். நெற்றிக்கு மட்டும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருமாம். அதனால் மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் வாய் கோணும், நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும். இவருக்கு நெற்றியும் சேர்ந்து போயிருக்கிறது, கை காலும் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் மூளை இல்லை, அதற்குக் கீழே முகத்துக்கு வருகிற நரம்பில்தான் கோளாறு. ஊரார் இரண்டையும் லக்வா என்றுதான் சொல்வார்கள், ஆனாலும் உடனே கூட்டி வந்தது நல்லது என்றார்.

மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்துமாகச் சில வாரம் போனது. வாய் நேரானதும் முதல் வேலையாக என் சாம்பாரைக் குறை சொன்னார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

இப்போதும் தினம் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன், ஆனால் இதைச் செய், அதைச் செய் என்று முருகனுக்கு வழி சொல்வதில்லை. அன்றைக்கு நான் கேட்டதை அவன் கொடுத்திருந்தால், இவரும் என் மாமனார் மாதிரிப் படுக்கையில்தான் கிடந்திருப்பார்.