பல்கலைக்கழக வாசலில் பம்பரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். கைக்குழந்தையாக இருந்தபோதே தொட்டிலோடு தெருமுனைவரை போய்விட்டாள் என்று அவளைப் பெற்றவள் சத்தியம் செய்வாள். அதில் பாதியைத் தள்ளினாலும் வாசற்படியையாவது எட்டியிருப்பாள்.

வாய்த்த வேலையும் அப்படி. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இருவர் மடிக்க வேண்டும். எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்பது, விலகுவது, மறுபடி சேர்வது. மறுமுனை பிடிப்பவள் வயதில் மூத்தவள், கூடத்துக்கே அக்கா.

“அடியே, விரிப்ப மட்டும் மடி. என்னையும் சேத்து மடிச்சு அலமாரியில வச்சிடாத!”

கணவரோ கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். கண்ணில் லென்ஸை மாட்டி உட்கார்ந்துவிட்டால் அவர்மேல் தூசி படிவதையே பார்க்கலாம். அவரோடு மாலை முழுக்க உட்கார்ந்திருக்க முடியாமல் இவள் ஏதாவது வகுப்பில் போய்ச் சேருவாள். தையல், தட்டச்சு, முதலுதவி, கேக் செய்வது எல்லாம் ஆயிற்று. போன வருடம் ஒரு கல்லூரியில் கணக்கியல் பட்டயப் படிப்பிலும் சேர்ந்து, மூன்றே வாரத்தில் மூச்சு முட்டி ஓடிவந்தாள்.

இந்த வருடம் அவளை அரித்தது வேறு. வருடக்கணக்காகச் சூடான விரிப்பு மடித்த அக்காவின் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. கிண்ணத்தை இரு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த நாளிலிருந்து பம்பரத்துக்குத் தூக்கம் போயிற்று. இன்னும் கொஞ்ச வருடத்தில் தன் கையும் இப்படித்தான். அந்தச் சூட்டிலிருந்து தப்ப ஒரே வழி மேல்மாடி அலுவலகம். அதற்குப் பட்டம் வேண்டும். பள்ளியோடு படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்களுக்கென்று பல்கலைக்கழகம் மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் தனி இடம் ஒதுக்கியிருந்தது. அது அவள் காதுக்கு எட்டிய அன்றே விண்ணப்பிக்கக் கடைசி நாள்.

தன் ஆர்வத்தைக் காட்ட, இதுவரை வகுப்புகளில் வாங்கிய சான்றிதழ் அத்தனையையும் பையில் திணித்துக்கொண்டு போனாள். சேர்க்கைப் பிரிவில் இருந்த அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

“கடைசியா எப்பம்மா படிச்சீங்க?”

“நான் எங்க மேடம் நிறுத்தினேன்? போன மாசம்கூட கேக் வகுப்பு!” மேசை முழுக்கச் சான்றிதழ்களை விரித்தாள். யாரும் கேட்காமலே கல்லூரி அடையாள அட்டையையும் எடுத்து மேலே வைத்தாள்.

அதிகாரி அந்த அட்டையைத்தான் எடுத்தார். “இது படிப்ப விட்டு அஞ்சு வருஷமாவது ஆனவங்களுக்கான இடம்மா. தையல், கேக்கெல்லாம் போகட்டும். கல்லூரியில சேர்ந்திருக்கீங்களே?”

“அப்ப இன்னும் அஞ்சு வருஷம் சும்மா உட்கார்ந்தாத்தான் சேத்துக்குவீங்களா? உட்கார்ந்தா நான் செத்தே போயிடுவேன் மேடம்!”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. “எவ்வளவு நாள் போனீங்க?”

ரெண்டு பருவம் என்று சொல்ல நாக்கு துடித்தது. இத்தனை பேர் முன்னால் மானம் போகக்கூடாதே. ஆனால் அக்காவின் கிண்ணம் கண்முன் வந்து நின்றது.

“மூணு வாரம்,” என்றாள் தரையைப் பார்த்து. “முடியல. விட்டுட்டேன்.”

“ஒரு மாசத்துக்குள்ள விலகினா சேர்ந்ததா கணக்கே இல்ல. கல்லூரியில கேக்குறேன், வெளிய உட்காருங்க.”

உட்காருவதாவது! நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். “கொஞ்சம் நில்லும்மா, எனக்குத் தலை சுத்துது,” என்று காவலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் அதிகாரியே வெளியே வந்தார். “உங்களுக்குத் தகுதி இருக்கு, இடமும் உண்டு. ஆனா ஒண்ணு. நாலு வருஷப் படிப்பு. நடுவுல விட்டா மறுபடி இந்த வழியில வர முடியாது.”

தலையாட்டிவிட்டு வந்தவள், பேருந்து நிறுத்தத்தில் நிற்கப் பொறுக்காமல் வீடுவரை நடந்தே வந்தாள். வந்தும் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

“கிடைச்சுதா?” என்றார் கணவர்.

“கிடைச்சுது.”

“அப்புறம் ஏன் இந்தச் சுத்து?”

“மாட்டோம்னு சொல்லியிருந்தா அவங்களத் திட்டிட்டுப் படுத்திருப்பேங்க. இப்ப யாரத் திட்டுறது? மூணு வாரம் உட்கார முடியாதவ நாலு வருஷம் எப்படி...”

அவர் லென்ஸைக் கழற்றி வைத்தார். கைவேலையைப் பாதியில் விட்டு எழுந்து செருப்பைத் தேடினார். கல்யாணமான நாளாக அவள் காணாத காட்சி.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“உன்கூடத்தான். வகுப்பு முடிஞ்சு தினமும் இப்படி ஒரு நடை நடந்துட்டு வருவோம். அப்பவாவது வகுப்புல உட்காருறியான்னு பாப்போம்.”

அவர் செருப்பை மாட்டுவதற்குள் அவள் தெருமுனையைத் திரும்பியிருந்தாள்.