சீரியல் செட் வேலுமணிக்குக் கொஞ்சம் இருட்டு

தொண்ணூறுகளில் காங்கேயம் வட்டாரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களின் முகம் போட்டோவில் பளபளவென்று இருந்தால், அதில் பாதி வேலுமணியின் வேலை. மைக் செட், சீரியல் செட், ஃபோகஸ் லைட் எல்லாம் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். பந்தலில் கொசுவுக்குக்கூட நிழல் விழும். அத்தனை வெளிச்சம் போடுவார். அப்படிப்பட்டவருக்குப் பிடித்தது இருட்டு. ஆர்டர் இல்லாத நாளில் மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்துவிடுவார்.

எண்பத்தாறில் ஹாலி வால் நட்சத்திரம் வந்தபோது, ஏதோ ஒரு மண்டப வாசலில் மயில் தோகை விரிக்கிற சீரியல் பல்புக்கு ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தார். மயில் விரித்தது, நட்சத்திரம் போய்விட்டது. மறுபடி வர எழுபத்தாறு வருஷம் ஆகும் என்று பேப்பரில் படித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

அதனால் தொண்ணூற்றேழு ஏப்ரலில், ஹேல்-பாப் என்று இன்னொன்று, பொழுது விழுந்ததும் வடமேற்கில் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று செய்தி வந்தபோது மனிதர் துள்ளினார். மாதம் முடிவதற்குள் மங்கிவிடும். இதையும் விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

சரியாக அந்த வாரம்தான் எண்ணெய் மில் திருமலைசாமி, கோயில் திடலில் உயரக் கம்பம் நட்டு சோடியம் விளக்கை உபயமாகக் கொடுத்தார். திடல், வேலுமணி வீட்டுக்கு நேர் வடமேற்கு. விளக்கை மாட்டியவரும் வேலுமணியேதான். "நாலாபக்கமும் அடிக்கோணும்" என்று மில்காரர் சொன்னதால் மூடியே இல்லாமல் மாட்டினார். கல்யாண வீட்டுப் பழக்கம். வெளிச்சம் என்றால் கை தானாகக் கூட்டித்தான் வைக்கும். அன்று சாயங்காலம் மாடியேறிப் பார்த்தால், வானம் முழுக்க மஞ்சத்தண்ணி ஊற்றினாற்போல் இருந்தது.

மறுநாள் மில்லுக்குப் போனார்.

"ஏனுங்ணா, ஒரு வாரத்துக்கு மட்டும் பொழுதோட அந்த லைட்டை அணைச்சு வெச்சுக்கலாமுங்களா?"

"சாமிக்கு எரியற வெளக்கை அணைக்கறதா? வேலு, நீ போட்ட வெளக்குத்தானப்பா அது!"

"வால் நட்சத்திரம் பாக்கோணுமுங்க."

"அதெல்லாம் பாத்தா ஆட்சிக்கே ஆகாதுங்கறாங்க. போயி பொழப்பைப் பாரு."

அந்த மாதமே டெல்லியில் ஓர் ஆட்சி கவிழ்ந்தது உண்மைதான். அது சொந்த முயற்சி.

வேலுமணி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி புவனா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க, அவருக்கென்ன வெளிச்சமா வேணும்? பேருதான வேணும். நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்தனே, கம்பத்துல உபயம்னு பலகை இருக்குது, மேல கண்ணு கூசறதுல ஒரு எழுத்துத் தெரியல. அதைப் போயி சொல்லுங்க."

வேலுமணி எழுந்த வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

இந்த முறை மில்லில் வரவேற்பே வேறு. "என்னது, பேரு தெரியலையா?" என்று திருமலைசாமி பதறிவிட்டார். பத்திரிகை அடித்து, பூசை போட்டு, ஊரைக் கூட்டி ஏற்றிய விளக்கு! மில்லில் இருந்தே காலி எண்ணெய் டின்கள் வந்தன. வேலுமணி அவற்றை வெட்டித் தொப்பிபோல் மடக்கி, உள்ளே வெள்ளை பெயிண்ட் அடித்து விளக்கின் தலையில் கவிழ்த்தார். மேலேயும் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம் முழுக்கப் பலகை மேலும் தரை மேலும் இறங்கியது. 'எண்ணெய் மில் திருமலைசாமி குடும்பத்தார்' என்பது ரோட்டிலிருந்தே படிக்கக் கிடைத்தது.

தன் பேரைத் தானே சத்தமாகப் படித்துப் பார்த்த திருமலைசாமி, திருப்தியில் கொஞ்சம் தலையை நிமிர்த்தினார். கம்பத்துக்கு அப்பால், இருண்ட வடமேற்கில், வாலை விரித்துக்கொண்டு அது நின்றது.

"அடேயப்பா," என்றார். பிறகு பக்கத்தில் நின்ற பூசாரியிடம் கேட்டார்: "இதுக்கு யாருங்க உபயம்?"

அதைக் கேட்க வேலுமணி அங்கே இல்லை. ஏணியைக் கம்பத்திலேயே சாய்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி, மாடியில் நின்றிருந்தார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புவனா மேலே வந்தார். "எங்கீங்க? எனக்கொண்ணும் தெரியலையே."

வேலுமணி அவர் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"அட, வெளக்குமாறாட்டம் இருக்குதுங்க! இதுக்கா அத்தனை அழுகை?"

"நான் எங்க அம்மணி அழுதேன்?"

"இப்பத்தான்."

கட்டிலில் உட்கார்ந்து, நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார் வேலுமணி.