ரோல்ஸுக்காக நான் நிறுத்திய துருக்கிப் படம்

லண்டன் நோர்பரியில் ஈழத்தமிழர் நாங்கள் நடத்தும் சினிமா வட்டத்தில் எந்தப் படத்துக்கும் இடைவேளை உண்டு, ஆட்டிறைச்சி ரோல்ஸும் உண்டு. அன்று துருக்கிப் படம். அந்த நாட்டின் இன்றைய இயக்குநர்கள் அவசரப்பட மாட்டார்கள். பனி பெய்தால், பெய்து முடியும்வரை காட்டுவார்கள். அன்றைய படத்தின் இயக்குநர் ஒரு பெண். இஸ்தான்புல்லிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார்.

திரையில் ஒரு தாய், பொலிஸ் கொண்டுபோன மகனுக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சில்லை, இசையில்லை. இடைவேளைக்கு இதைவிட நல்ல இடம் வராது என்று, மேதாவியான நான் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டேன்.

இயக்குநர் பாய்ந்து வந்தார். "இந்தக் காட்சியை வெட்டச் சொன்ன தயாரிப்பாளரோடு சண்டை பிடித்து, அவரையே விட்டுவிட்டு வந்தவள் நான். நீங்கள் தின்பதற்காக வெட்டுகிறீர்களா?"

எனக்கும் கோபம் ஏறிவிட்டது. "திறக்காத கதவைப் பார்க்க எங்கள் வீட்டிலேயே கதவு இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"விசரா, லைற்றை நிப்பாட்டு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ராணி அக்கா. ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோன அவருடைய தம்பி இன்னும் திரும்பவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "அந்தப் பொடியன் வாறானோ எண்டு நான் பாக்கவேணும்."

காட்சியை முதலிலிருந்து போட்டேன். கதவு திறக்கவே இல்லை. மண்டபத்தில் என் மச்சான் ரோல்ஸ் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அதைப் பறித்துக் குப்பையில் போட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமே?" என்றான்.

அவன் மேலிருந்த கோபம் அன்றே போய்விட்டது. என் மேலிருப்பது போகவில்லை. இப்போது எங்கள் வட்டத்தில் படம் முடிந்த பிறகுதான் ரோல்ஸ்.