கோட்டுப் போட்டுச் சாப்பிட்ட நாட்கள்

கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் இல்லாமல் வரக் கூடாது என்று டிக்கெட்டோடு கொடுத்த காகிதத்தில் அச்சடித்திருந்தது. பகல் சாப்பாட்டுக்கு எப்படி வேண்டுமானாலும் வரலாமாம். பெண்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பிரெஞ்சுக் காகிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"பரவாயில்லையே, பொம்பளைங்கள மட்டும் நம்பறாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்படின்னா ராத்திரிக்கு நான் துன்னப் போறதில்ல" என்றார்.

நாங்கள் அப்போது வில்லியனூரில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். மேரி என்று சொல்கிற கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அவர் எழுத்தர். பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவுக்குக் கைமாற்றிக் கொடுத்த பிறகு அலுவலகத்தில் எல்லாம் இங்கிலீஷ் ஆகிவிட்டது. சின்ன வயசிலிருந்து பிரெஞ்சு மட்டுமே படித்த மனுஷர், முப்பது வயசுக்கு மேல் ஏ பி சி டி எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். மேஜைக்கு ஒரு கோப்பும் வராது. காலையில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயந்தரம் வருவார். வேலை செய்து களைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வேலையில்லாமல் அப்படிக் களைத்தவரை நான் வேறு பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில் பிரான்சு சர்க்கார் தன் பழைய ஆட்களில் சிலருக்கு அங்கேயே வேலை தருவதாகச் சொன்னபோது, இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் சரி என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

ஆனால் கோட்டு விஷயம் எனக்கும் உறுத்தியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆம்பளைகள் சோற்றுக்கு முன்னால் சட்டையோடு உட்கார மாட்டார்கள். கை கால் கழுவி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் உடம்போடு உட்கார்ந்தால்தான் அது சாப்பாடு. சோற்றுக்குக் கொடுக்கிற மரியாதை அது. சட்டையோடு உட்கார்ந்த பையனை, "ஓடற பஸ்ஸைப் புடிக்கப் போறியாடா?" என்று கேட்டு எழுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் மேரிக்குக் கால்சட்டை போட்டுக்கொண்டு போகிறவர்தான். ஆனாலும் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் முதல் காரியம் சட்டையைக் கழற்றுவது. அவருக்குக் கோட்டோடு சாப்பிடுவது என்றால் செருப்புக் காலோடு கோயிலுக்குள் போகிற மாதிரி.

கோட்டு கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாயிடமிருந்து வந்தது. அவர் சைகோனில் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியவர். அங்கே துரைமார்களைப் பார்க்கப் போகும்போது போட்டுக்கொள்வதற்கென்று வைத்திருந்த கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, "எனக்கு இனிமே யாரப் பார்க்கணும், எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று கொடுத்துவிட்டார். கறுப்புக் கம்பளிக் கோட்டு. வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. டையையும் அவரே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அந்த முடிச்சை அவிழ்த்தால் திரும்பப் போட ஆளில்லை என்பதால், கன்றுக்குட்டிக்குக் கயிறு மாட்டுகிற மாதிரி தலைவழியாக மாட்டி இறுக்கிக்கொள்வார் என் வீட்டுக்காரர்.

"சைகோன் கப்பல்ல நாங்கல்லாம் கீழ்த்தட்டு. கைலியோட குந்தி ஜோரா சாப்பிட்டோம். இந்த வம்பெல்லாம் மேல்தட்டுக்காரங்களுக்குத்தான்" என்றார் பாய்.

"அப்ப என்னையும் கீழ்த்தட்டுல போட முடியுமான்னு கேட்டுப் பார்க்கவா?" என்றார் இவர். நிஜமாகவே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சர்க்கார் கொடுத்த டிக்கெட்டை ஒரு கோட்டுக்குப் பயந்து மாற்றுகிறவரை அங்கே போய் யார் மதிப்பார்கள்? அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். கப்பல் ஏறுகிற வரைக்கும் தினமும் சாயந்தரம் இந்த வீட்டிலும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் சாப்பாடு. அவர் எழுதுகிற மேஜையை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டு, மேலே வெள்ளைத் துண்டை விரித்தேன். எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. அவருக்குக் கோட்டு, டை, காலில் சப்பாத்து. கையில் முள்கரண்டி. சித்திரை முடிந்து வைகாசி பிறந்திருந்தது. அந்தப் புழுக்கத்தில் அவர் முகம் அவித்த கிழங்காகிவிடும். இட்லியைக் குத்தினால் அது தட்டை விட்டு ஓடும். நாலு வாய்க்கு மேல் போகாது.

"எறங்க மாட்டேங்குது" என்பார் தொண்டையைத் தொட்டுக்கொண்டு.

"டை இறுக்கமா?"

"டையில்ல. மனசு."

ஆசையாகச் சாப்பிடுகிற மனுஷர் அவர். குழம்பு நன்றாக இருந்தால் சமையல்கட்டு வரை வந்து சொல்வார். அப்படிப்பட்டவர் நாலு வாயோடு எழுந்து போவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கப்பலில் யாராவது இவரைப் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன்.

வெளியே கதை பரவிவிட்டது. வீராம்பட்டினத்திலிருந்து கூடை தூக்கிக்கொண்டு வருகிற மீன்காரம்மா ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தாயி, பொழுது சாஞ்சா உன் ஊட்டுக்காரரு கல்யாண மாப்ள கணக்கா குந்தினு கீறாரு? பொண்ணு யாரு, நீயேதானா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் அன்றைக்குச் சிரித்தார். சிரித்ததில் இட்லி புரையேறியது.

இதெல்லாம் ஒரு பக்கம். என் மனசில் கிடந்த பாரம் வேறு. அது என் அப்பா.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாகூர்ப் பக்கம் செலியமேட்டில் நெல் பயிர் செய்கிறவர். வெள்ளைக்காரன் போக வேண்டும் என்று ஊர்வலம் போனவர். அதற்காக எவனோ ஏவிவிட்ட அடியாட்கள் எங்கள் வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். மாடுகள் அந்த வருஷம் என்ன பாடுபட்டன என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவருடைய மருமகன் அதே பிரெஞ்சு சர்க்காரில் வேலை செய்யக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? சண்டை ஒன்றும் போடவில்லை. திட்டவில்லை. என் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

வருவது மட்டும் நிற்கவில்லை. அரிசி, மணிலாக்கொட்டை, முருங்கைக்காய் என்று எதையாவது கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். வந்து கூடத்துக் கதவோரம் நிற்பார். "சாப்டு நைனா" என்றால், "வரும்போதுதான் துன்னுட்டு வந்தேன்" என்பார். என் வீட்டுக்காரரோடு நேராகப் பேச மாட்டார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்து, "அவரு எப்படிக் கீறாருன்னு கேளு" என்பார். அவரும் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்பார். நடுவில் நான் ஒரு தபால்காரி.

நைனா சட்டை போடுவதே பஸ் ஏறுவதற்குத்தான். அதிலும் மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்தே கிடக்கும். அவர் வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் என் கண் அவருடைய கையில்தான் இருக்கும். கை சட்டைப் பொத்தானுக்குப் போனால் சட்டையைக் கழற்றப் போகிறார், சாப்பிட உட்காரப் போகிறார் என்று அர்த்தம். கை போகவே போகாது. நாங்கள் போனால் எப்போது திரும்புவோம் என்பது எங்களுக்கே தெரியாது. அதற்குள் அப்பா என் வீட்டில், என் புருஷனுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அது நடக்காமல் கப்பல் ஏறினால் கோட்டு, டை, பிரான்சு எல்லாமே எனக்கு வெறும் குப்பை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு சாயந்தரம், வழிக்கு வேண்டுமென்று அம்மா போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடியோடு நைனா வந்தார். சொல்லாமல் வந்தார். நாங்கள் ஒத்திகையில் இருந்தோம். மேஜைமேல் சோறு, மீன் குழம்பு. எதிரில் கறுப்புக் கோட்டில் என் வீட்டுக்காரர், கையில் முள்கரண்டி.

மாமனாரைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார். மாமனார் முன்னால் சட்டையோடு, அதுவும் கோட்டோடு சாப்பிட உட்கார்ந்திருப்பதா என்ற பதற்றம். கோட்டைக் கழற்றப் பார்த்தார், ஒரு கை சிக்கிக்கொண்டது. டையை இழுத்தார், அது இன்னும் இறுகியது. முகம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது.

நைனா ஊறுகாய் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. போகிறதுக்கு முன்னாலேயே துரை ஆகிவிட்டான் என்று நினைக்கிறார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன்.

"இன்னா நைனா அப்படிப் பாக்கற? ஷோக்குக்குப் போட்டுனு குந்திகினு இருக்காருன்னு நெனைக்கிறியா? இது இல்லன்னா கப்பல்ல ராத்திரிச் சோத்துக்கு உள்ள விடமாட்டாங்க. ஒரு மாசமா தெனம் போட்டுப் பாக்கறாரு. சட்டையோட சோறு எறங்க மாட்டேங்குது அவருக்கு. உன்ன மாதிரிதான் அவரும். நாலு வாய் துன்னுட்டு எழுந்துடறாரு. எளைச்சுப் போயிருக்காரே, கண்ணு தெரியலையா உனக்கு?"

சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனா கோட்டில் சிக்கியிருந்த அவர் கையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கோட்டு போடலன்னா சோறே போடமாட்டாங்களாமா? கேளு."

"ரூமுக்குக் கொண்டாந்து குடுப்பாங்களாம்" என்றார் அவர், என்னைப் பார்த்து. ஒரு கை இன்னும் கோட்டில் சிக்கியபடியே இருந்தது.

"ரூமுலன்னா? இவரு மட்டும் தனியா குந்தித் துன்னணுமா?"

"ஆமாம்" என்றார்.

நைனா ஜாடியை மேஜையில் வைத்தார். பின்கட்டுக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். அவருடைய கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. கழற்றப் போகிறார் என்று நினைத்து, சட்டையை வாங்கி மாட்டுவதற்குக் கையை நீட்டினேன்.

அவர் கழற்றவில்லை. திறந்து கிடந்த பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். முதலில் நெஞ்சிலிருந்ததைப் போட்டார். கழுத்துப் பொத்தான் பழக்கமில்லாததால் ஓட்டைக்குள் போக மறுத்தது. தலையை அண்ணாந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வயலில் காய்த்துப்போன அந்த விரல்களால் அதையும் தள்ளி மாட்டினார். பிறகு எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"போடும்மா சோத்த" என்றார்.

என் வீட்டுக்காரர் கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைந்தார். இரண்டு பேருக்கும் பரிமாறியது நான்தான். குழம்பு வெள்ளைத் துண்டில் சிந்தியது. நைனாவின் கழுத்தில் வியர்வை வழிந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சட்டைக் கையின் ஓரம் குழம்பில் நனைந்தது. என் அப்பா வாழ்நாளில் சட்டையோடு சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிரில் என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு கேட்டார். கோட்டுப் போட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் இரண்டாம் முறை கேட்டது அன்றைக்குத்தான்.

தண்ணீர் குடித்து முடித்ததும் நைனா தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நேராக அவரைப் பார்த்தார்.

"இங்கியே இந்தப் புழுக்கம் புழுங்குது. கப்பல்ல குந்தித் துன்ற எடத்துல காத்தாவது வருமா, மாப்ள?"

கையெழுத்துப் போட்டதிலிருந்து அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"தெரியலையே மாமா" என்றார்.

பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அந்தக் கோட்டோடேயே கடைத்தெரு வழியாகப் போனார். நைனாவும் கழுத்துப் பொத்தானை அவிழ்க்காமலே பஸ் ஏறினாராம்.

கொழும்பு வரைக்கும் போய் அங்கேதான் கப்பல் ஏறினோம். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தோம். வெளிச்சம், வெள்ளை விரிப்பு, கோட்டுப் போட்ட ஆம்பளைகள், அவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலவே எதிலும் ஒட்டாமல் விழித்துக்கொண்டிருந்தவர்கள். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கரண்டியைத் தொடவில்லை. அண்ணாந்து மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தார், திறந்திருந்த ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"காத்து நல்லா வருதுன்னு மாமாவுக்கு எழுதிடு."