கொடித்தோடைக்கு வந்த கருவண்டு

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், கொக்குவிலில் எங்கள் வளவைச் சுற்றி எங்கள் பங்குக்குரிய வேலியை நான் முற்றாகப் புதுப்பித்தேன். உக்கிய பூவரசங் கதியால்களைப் பிடுங்கி, புதியவை நட்டு, கிடுகு வரிந்து முடித்தபோது ஒழுங்கையிலேயே அழகான வேலி எங்களுடையது. பிடுங்கிய கட்டைகளில் சுண்டுவிரல் நுழையும் அளவில் வட்டமான துளைகள் இருந்தன. சித்திரை வருஷப் பொங்கலுக்கு அவற்றையே விறகாக்கினோம். அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: “வண்டரித்த கட்டை. நன்றாக எரிகிறது. கரிய வண்டு ஒன்று வெளியே விழுந்தது.”

அவ்வளவுதான் எழுதினேன்.

கிணற்றடிப் பந்தலில், ‘பாஷன் புரூட்’ என்கிற கொடித்தோடைகள் இரண்டு படர்ந்திருந்தன. கண்டியிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த பழங்களின் விதையில் முளைத்தவை. ஆவணியில் மனைவியின் தங்கைக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தப் பழச்சாறுதான் கொடுப்பதென்று அவள் தாய்வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வைகாசி இரண்டாம் கிழமை பூக்கத் தொடங்கியது. ஒவ்வொரு பூவும் மறுநாள் வாடி, அதற்கடுத்த நாள் விழுந்தது. பிஞ்சு இல்லை.

“இஞ்சாருங்கோ, எல்லாம் கொட்டுண்டு போகுது. தங்கச்சிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

சனிக்கிழமை, மணிக்கூட்டையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு பந்தலின் கீழ் உட்கார்ந்தேன். பகல் பன்னிரண்டுக்குச் சற்றுப் பின் பூக்கள் விரிந்தன. மகரந்தப் பைகள் கீழ்நோக்கித் தொங்கின. சூல்முடிகள் மூன்றும் மேலே நிமிர்ந்து நின்றன. ஒரு மணி நேரத்தில் அவை மெல்ல வளைந்து, மகரந்தப் பைகளின் மட்டத்துக்கே இறங்கின. ஒரு பூவின் உறுப்பு தானாக அசைந்து இடம் மாறுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தேனீக்கள் வந்தன. மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போயின. அந்தச் சிறிய உடல்கள் சூல்முடியைத் தொடவேயில்லை.

இரண்டரை மணியளவில், கிழக்கு வேலிக்கு மேலால் ஒரு கருவண்டு இரைந்துகொண்டு வந்தது. சிறகில் நீல மினுக்கம். பூவில் இறங்கித் தேனுக்காகச் சுற்றியது. பூவின் தளத்துக்கும் மேலே தொங்கிய மகரந்தப் பைகளுக்கும் சூல்முடிகளுக்கும் இடையில் இருந்த வெளி, அளவெடுத்துத் தைத்ததுபோல் அதன் முதுகுக்குச் சரியாக இருந்தது. முதுகு மஞ்சளானது. அதே மஞ்சளோடு மற்றக் கொடியின் பூவுக்குப் போனது. நான் எழுத மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது தொட்ட ஏழு பூக்களிலும் நூல் கட்டினேன். செவ்வாய்க்கிழமை, அவற்றில் ஐந்து விழாமல் அடி பருத்து நின்றன.

வண்டு எங்கிருந்து வருகிறதென்று அன்று பின்தொடர்ந்தேன். கிழக்கு வேலி அயலவருடையது. அதன் செத்த கதியால் ஒன்றின் துளைக்குள் அது நுழைந்தது. அதே வட்டத் துளை. நான் பொங்கலுக்கு எரித்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

அந்த உக்கிய வேலியைப் பிடுங்கிப் புதிதாக அடைக்கச் சொல்லி இரண்டு வருஷமாக அவரை நச்சரித்தவன் நான். அன்று அவர் முற்றத்தில் கிடுகுக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன.

“அண்ணை, வேலியை இப்ப அடைக்க வேண்டாம்.”

“என்ன மாஸ்ரர், வெயில் தலைக்கு ஏறிப்போச்சோ? வேலி வேலி எண்டு என்ரை உயிரை எடுத்தது நீங்கள்தானே!”

“அதுக்குள்ளை வண்டு இருக்குது.”

“வண்டுக்கோ?” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி. உந்த வேலிப் பொட்டுக்காலை என்ரை ஆடு வந்து மேய்ஞ்சால் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஓமோ?”

“ஓம்.”

ஆடு வந்தது. என் கத்தரிக் கன்றுகளைத் தின்றது. நான் வாய் திறக்கவில்லை. வண்டும் வந்தது, ஆனி முடியும்வரை, அநேகமாக ஒவ்வொரு பகலும்.

கலியாணத்தன்று காலை, ஒரு கடகம் நிறையப் பழங்களோடு பெண்வீட்டுக் குசினியில் இருந்தோம். முதற் பழத்தை வெட்டினேன். ஒரு மகரந்தத் துகள் சேர்ந்தால்தான் ஒரு விதை உண்டாகும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அப்படியானால் அதற்குள் இருந்த அத்தனை விதைகளும், ஒவ்வொன்றாக, அந்த முதுகில் ஏறி வந்தவை. எண்ணத் தொடங்கினேன். நூற்றுப்பத்தைத் தாண்டும்போது மனைவி கத்தியைப் பறித்தாள்.

“நீங்கள் எண்ணி முடிக்கிறதுக்குள்ளை மாப்பிள்ளை வீட்டார் தாகத்திலை செத்துப்போவினம். தள்ளுங்கோ அங்காலை!”