அம்சம் எதையும் கொட்ட விடமாட்டாள்

"ஏ காத்தாயி, கொட்டாதடி! மீன் கழுவின தண்ணிதானே அது?" என்று கத்திக்கொண்டே குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறாள் அம்சம். பக்கத்து வீட்டுக் காத்தாயி சிரித்தபடி சட்டியைச் சாய்க்காமல் நிறுத்துகிறாள். அந்தத் தண்ணீர் அம்சத்தின் கொல்லையில் படரும் பாகற்கொடிக்குப் போகும். அரிசி களைந்தது முருங்கைக்கு. பாத்திரம் கழுவியது வாழைக்கு. அவள் புருஷன் சாமிதுரை குளிப்பதே கீரைப்பாத்திக்காகத்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. "குளிக்காம திரியிறியே, கீரை வாடுது பாரு" என்று அவள் அவனை விரட்டியதைக் காதால் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரம் இருக்கிறது அந்தக் கூலிக்காரர் தெரு. நடவில் அம்சத்தின் கைதான் முந்தும். வரப்பேறிவிட்டால் அவள் கண் கீழே கிடப்பதைத் துழாவும். ஓட்டைப் பானை கிடைத்தால் அந்த ஓட்டையில் துணித்திரி செருகிக் கத்தரிச் செடியோரம் புதைத்து நீர் நிரப்பிவிடுவாள். கோடை முழுக்க அது கசிந்துகொண்டே இருக்கும். பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பல். குளிக்கும் மறைப்பு, யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்தது. தேர்தல் முடிந்ததும் சுவரொட்டிகளை உரித்து வந்து ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி முறத்துக்குப் பூசுகிறாள். "கழகம் ரெண்டா ஒடைஞ்சா எனக்கென்ன? ரெண்டு பேரையும் ஒரே ஒரல்ல போட்டு ஆட்டிட்டேன்ல!"

போன சம்பா நடவின்போது கூலி உயர்வு கேட்டுத் தெருவே மிராசுதாரின் வயலில் இறங்க மறுத்தது. அரிசி தீர்ந்த வீடுகளுக்கு அம்சத்தின் கொல்லையிலிருந்து கீரையும் வாழைக்காயும் போயின. சும்மா இல்லை. "பறிச்சுக்க. ஆனா அலசுன தண்ணி இங்க வந்துடணும், ஆமா."

மிராசுதாரின் காரியஸ்தர் ரெங்கசாமிக்கு இது எட்டியது. ஒரு மாலை வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"வீட்டு மனைதான் சட்டத்துல ஒனக்கு. இந்தக் கொல்லை இன்னும் அய்யா பட்டாவுலதான் இருக்கு, தெரியுமில்ல? நாளைக்கு நாலு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு நடவுக்கு வந்துடு. கொல்லைய நீயே வச்சுக்கலாம்."

அம்சம் கொல்லையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பள்ளமாகக் கிடந்த இடம். வாய்க்கால் வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி மேடாக்கியவள் அவள்தான்.

"தெரு எறங்குனா நானும் எறங்குறேங்க."

மறுநாள் விடிந்தபோது வேலியை யாரோ பிரித்துப் போட்டிருந்தார்கள். மிராசுதாரின் மாடுகள் கொல்லைக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. சாமிதுரையும் மற்றவர்களும் விரட்டி முடிப்பதற்குள் கீரைப்பாத்தி சேறாகிவிட்டது, வாழை முறிந்துவிட்டது. காத்தாயி மாரில் அடித்துக்கொண்டாள். அம்சம் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கூலி பிறகு கொஞ்சம் உயர்ந்தது; தெரு நடவுக்கு இறங்கியது. கொல்லை யாருக்கு என்ற வழக்கு இன்னும் தாலுகா ஆபீசில் கிடக்கிறது. ஆனால் தெரு இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அன்று காலை அடுத்து நடந்ததைத்தான்.

முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்த அம்சம் ஒரு கூடையை எடுத்தாள். மாடுகள் போட்டிருந்த சாணியை அள்ள ஆரம்பித்தாள். "தின்னதுக்கு இதையாவது வச்சுட்டுப் போச்சே." கொல்லை முடிந்ததும், மாடுகள் போன வழியே தெருவில் இறங்கினாள். குனிந்து குனிந்து அள்ளிக்கொண்டே மிராசுதார் வீட்டு வாசல்வரை போய்விட்டாள். அங்கே ரெங்கசாமி நின்றிருந்தார்.

"கொஞ்சம் காலத் தூக்குங்க" என்றாள். அவர் தூக்கினார். அடியில் கிடந்ததையும் வழித்துக் கூடையில் போட்டுக்கொண்டாள்.