பச்சைக்காரரின் இருபது நிமிடம்

அண்ணனூரில் நாங்கள் குடியிருந்தது நான்கு போர்ஷன் வீட்டின் பின்பக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு மற்ற மூன்று போர்ஷன்களிலும் ஏதாவது படம் ஓடும். எங்கள் வீட்டில் மட்டும் ரெஸ்லிங் ஓடும். பார்ப்பது நானும் அக்காவும். அவள் ஒன்பதாம் வகுப்பு, நான் ஏழாம் வகுப்பு.

பெண் பிள்ளைகள் இரண்டு பேர், ஜட்டி போட்ட தடியன்கள் கட்டிப் புரளுவதை வாய் பிளந்து பார்ப்பது பக்கத்து போர்ஷன் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, பொட்டப் புள்ளைங்க இந்தக் கண்றாவிய பாத்துகினு கீதுங்க. நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்று குழாயடியில் அம்மாவிடம் கேட்டார்.

"வெளிய சுத்தாம ஊட்ல குந்திகினு கீதுங்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வகுப்பில் ரெஸ்லிங் பார்க்கிற எல்லாருக்கும் ஒரு சாம்பியன் உண்டு. யாருக்கு எத்தனை அங்குலப் புஜம், யார் எத்தனை கிலோ என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தவர் பொன்னிற முடியை முதுகு வரை வளர்த்திருந்த ஓர் உயரமானவர். அக்காவின் ஆள் வேறு. பச்சை நிற உடுப்பு, முன்வழுக்கை, கொஞ்சம் தொப்பை. ரேஷன் கடை வரிசையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மற்றவர்கள் புகையும் வெளிச்சமும் பாட்டுமாக நடந்து வருவார்கள். இவர் மட்டும் விளம்பரம் முடிந்து பார்க்கும்போது ஏற்கெனவே ரிங்குக்குள் நின்றுகொண்டிருப்பார். மூன்று நிமிடத்தில் தோற்றுப் போவார். வாராவாரம் அப்படித்தான்.

"உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்று கேட்டேன்.

"அவரு தரையில எவ்ளோ அழகா உழறாரு பாருடி" என்றாள்.

அந்த வருடம் அக்காவின் வகுப்பில் ஒருத்தி, கல்லூரியில் படிக்கும் தன் அண்ணன் சொன்னதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து ஆடுவது, யார் ஜெயிக்க வேண்டும் என்பதைக்கூட முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள் என்று. வகுப்பே சிரித்ததாம். அன்று மாலை தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா இதை என்னிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் துணி மாற்றுகிற சாக்கில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் நம்பவில்லை. அவள்தான் நம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் டிவிக்கு ஒரு கை தூரத்தில் போய் உட்கார்ந்தாள். "இன்னிக்கி கண்டுபுடிக்கிறேன்" என்றாள்.

கண்டுபிடித்தாள். குத்து முகத்துக்குப் போகிற அதே நொடியில் குத்துகிறவனின் கால் பலகையில் ஓங்கி மிதிக்கிறது. நாம் கேட்கிற சத்தம் அதுதான். தலைமுடியைப் பிடித்து இழுத்தால், இழுபடுகிறவன் இழுக்கிறவனின் மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறான். கழுத்தை இறுக்கிப் பிடிக்கும்போது ஒருவன் வாய் இன்னொருவன் காதுக்குப் பக்கத்தில் மறைந்திருக்கிறது.

"பேசிக்கிறாங்கடி! அங்க பாரு, வாய் அசையுது!"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்து கிடந்தது. ஒரு வாரமாகக் கிடந்த துக்கம் போன இடம் தெரியவில்லை. "அடிக்கிறவன் அடிக்கல. ஆனா உழறவன் நெஜமாத்தான் உழறான். அது எப்டி?" என்றாள்.

அதைத் தெரிந்துகொள்ள, அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் கட்டிலில் இருந்த மெத்தையை இழுத்துத் தரையில் போட்டோம். நான் தூக்க வேண்டும், அவள் விழ வேண்டும். என்னைவிட எட்டு கிலோ கூடுதலாக இருந்தவளை என்னால் இடுப்பளவுகூடத் தூக்க முடியவில்லை. மூன்றாவது தடவை அவள், "மூணு சொல்றப்ப நானும் எகிறுறேன்" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. அக்கா என் தோளுக்கு மேலே இருந்தாள். கனமே இல்லை. தூக்குகிறவனுக்குப் பாதி வேலைதான், மீதிப் பாதி தூக்கப்படுகிறவனுடையது என்பது அந்த நொடியில் எங்கள் இருவருக்கும் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பிடி நழுவி அவள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோவாய் இடிபட விழுந்தாள். ஆவடியில் ஒரு கிளினிக்கில் மூன்று தையல்.

நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடுகளை அச்சில் அடித்து வடிவெடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர் வேலை. அதிகம் கோபப்படாதவர். அன்று மட்டும், "எவனோ ஏமாத்து வேல காட்றான், அத பாத்துட்டு எம்பொண்ணு மோவாய கிழிச்சிகினு வந்து நிக்கிது" என்று கத்திவிட்டு கேபிள் இணைப்பைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். பத்தே நாளில் அது திரும்பி வந்தது. எங்களுக்காக அல்ல, அம்மாவின் சீரியலுக்காக.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று என்னுடைய பொன்முடிக்காரரோடு மோத வேண்டியவர் வரவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. அவருடைய பாட்டுக்குப் பதிலாக வேறு பாட்டுப் போட்டார்கள், எங்களுக்குத் தெரியாத பாட்டு. திரை விலகி பச்சைக்காரர் நடந்து வந்தார். அவருக்கென்று பாட்டுப் போட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உயரமானவர் முதலில் கேலி செய்தார். பச்சைக்காரரின் வழுக்கையைத் தட்டிக் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. பச்சைக்காரர் கோபப்படவில்லை. தட்டிய கையின் மணிக்கட்டைப் பிடித்தார், ஒரு திருப்பு, உயரமானவர் தரையில் கிடந்தார். எழுந்து வந்தவரை மறுபடியும் அதேபோல் கிடத்தினார். சிரிப்பு அடங்கியது. பிறகு வேகம் கூடியது. கயிற்றில் மோதித் திரும்புவதும் குனிவதும் தாவுவதுமாகப் போய், கொஞ்ச நேரம் இருவரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். திடீரென்று உயரமானவர் வெளியே இறங்கி, பச்சைக்காரரின் இடது காலைப் பிடித்து இழுத்து, முழங்காலை மூலைக் கம்பத்தில் அறைந்தார்.

அங்கிருந்து ஆட்டம் அந்தக் காலைப் பற்றியதாகிவிட்டது. உதைத்தாலும் அங்கே, முறுக்கினாலும் அங்கே. பச்சைக்காரர் ஊர்ந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தார். ஒற்றைக் காலில் நொண்டியபடியே திருப்பி அடிக்க ஆரம்பித்தபோது கூட்டம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. உயரமானவரைத் தூக்கப் பார்த்தார், முழங்கால் மடங்கியது. மடங்கிய காலைத் தன் கையாலேயே குத்தி எழுப்பிவிட்டு மறுபடியும் தூக்கினார். தூக்கிப் போட்டும் விட்டார். ஆனால் விழுந்தவர் மேல் படுத்து, மூன்று எண்ணும் வரை அவர் தோளைத் தரையில் அழுத்தினால்தான் வெற்றி; அதற்கு அந்தக் காலோடு தவழ்ந்து போக வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தில்தான் ஒன்று, இரண்டுக்குப் பிறகு உயரமானவரின் தோள் எழுந்தது. கால் நன்றாக இருந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்பது சின்னக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். வாய்விட்டுச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

கடைசியில், இருபதாவது நிமிடத்தில், மூலைக் கயிற்றின் மேல் ஏறினார். கால் வழுக்கியது. கீழே உயரமானவர் காத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

அக்கா அழவில்லை. கை தட்டிக்கொண்டிருந்தாள். அங்கே கூட்டமும் எழுந்து நின்று தோற்றவருக்குத்தான் கை தட்டியது. என்னுடைய ஆள் ஜெயித்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "அங்க பாரு. டிவி மூலையில பாரு."

நைனா. ஞாயிறு அரைநாள் ஓவர்டைம் முடித்து ரயிலில் வந்தவர், ஒரு செருப்பைக் கழற்றி ஒன்றைக் கழற்றாமல், டிபன் பையோடு வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாளாம், நகரவில்லையாம்.

"கேமரா ஜெயிச்சவன் மேல கீது. ஒருத்தனும் இவர பாக்கல. அப்பவும் நொண்டிகினுதான் போறாரு பாரு. அந்தக் கால மறக்கவே இல்ல." மற்ற செருப்பையும் கழற்றியபடி, "வேல தெரிஞ்சவன்" என்றார்.

நைனா இந்த வார்த்தையை யாருக்கும் எளிதில் கொடுப்பவர் அல்ல. அவருடைய கம்பெனியில் ஓய்வு பெற்றுப் போன ஒரு பெரியவருக்கு மட்டும்தான் அதுவரை கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவரும் எங்களோடு உட்கார்ந்தார். எங்கள் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் பட்டது. "பிரஸ்ஸுக்கு அச்சு மாட்டுற மாதிரிதான் இதுவும். ரெண்டு பேரு சேந்து தூக்கணும். ஒருத்தன் மூச்சு புடிக்கிறது இன்னொருத்தனுக்குத் தெரியணும். இல்லன்னா வெரலு பூடும்" என்பார். அவசரப்பட்டு ஆடுகிறவர்களைப் பார்த்தால் முகம் சுளிப்பார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டது வாழ்க்கையில் வேறு எதைப் பற்றியும் இவ்வளவு இல்லை. அம்மா சாம்பாரைத் தாளித்தபடி, "மூணு பைத்தியம்" என்பாள்.

பச்சைக்காரர் சில மாதங்களில் டிவியில் வருவது நின்றுபோனது. நாங்களும் வளர்ந்தோம். அக்கா திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறாள். நான் ஐடி வேலையில் சேர்ந்து பாரிவாக்கத்தில் நான்காவது மாடியில் இருக்கிறேன். அம்மா இறந்த பிறகு நைனா என்னோடுதான்.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு காலை அக்கா முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றாள். உள்ளே வந்ததும் வராததுமாக, "அவரு பதில் போட்டுட்டாரு" என்றாள்.

இணையத்தில் எப்படியோ பச்சைக்காரரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். ஏதோ சின்ன ஊரில் ஒரு ஷெட்டில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாராம். அந்த ஆட்டத்தைக் குறிப்பிட்டு, 'அன்று உங்கள் முழங்காலில் நிஜமாகவே அடிபட்டதா, நானும் என் தங்கையும் இருபத்தைந்து வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறாள். அடிபட்டது என்பது என் கட்சி, இல்லை என்பது அவள் கட்சி.

பதிலை நைனாவுக்காகத் தமிழில் சொன்னாள். "கால் நல்லாத்தான் இருந்துதாம். ஆனா ஆரம்பத்துல கயித்துல மோதுனப்ப சோத்தாங்கைப் பக்கம் தோள்பட்டை எறங்கிடுச்சாம். கழுத்தப் புடிச்சிகினு நின்னாங்க இல்ல, அப்ப அந்த ஒசரமானவரு காதுல சொல்லியிருக்காரு. நிறுத்திடலாமான்னு அவரு கேட்டாராம். வேணாம், தோள வுட்டுட்டு நீ என் காலுக்குப் போயிடுன்னு இவரு சொன்னாராம்."

நைனா "அந்த ஆட்டத்தப் போடு" என்றார்.

யாரோ பழைய டேப்பிலிருந்து ஏற்றி வைத்திருந்தார்கள். பெரிய டிவியில் போட்டோம். கண் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த நைனா நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவை மூன்று பேரும் காலைப் பார்க்கவில்லை.

கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றதற்குப் பிறகு பச்சைக்காரரின் வலது கை ஒரு தடவைகூடத் தோளுக்கு மேல் போகவில்லை. திருப்பி அடித்ததெல்லாம் இடது கையால். தொடையில் குத்தி எழுப்பியதும் இடது கையால். உயரமானவரைத் தூக்கிய இடத்தில் நைனா நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னார்.

"அவனே எகிறிட்டான் பாரு" என்றார். "இவரு தூக்கவே இல்ல. ஒத்தக் கையால சும்மா அண்டக் குடுத்தாரு, அவ்ளோதான். மொத்த கனத்தையும் அவன் ஏத்துகினான்."

மூன்று தடவை பார்த்தோம். ஆமாம், அப்படித்தான். விழும்போதும் அவர் வலப்பக்கம் தரையில் படாதபடி உயரமானவர் ஒவ்வொரு முறையும் இடம் மாறி நின்றிருந்தார். நான் அத்தனை பிரியமாகப் பார்த்த என்னுடைய ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. காபி போடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது நைனா அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ஒசரமானவன் இப்போ எங்க கீறான்? கேட்டியா?"

"கேக்கலியே நைனா."

"கேளு. நீ இவர மட்டும் விசாரிச்சா அவன் இன்னா நெனச்சுப்பான்?"

அக்கா கைப்பேசியை எடுத்தாள். நைனா தன் பாஷையில் சொல்லச் சொல்ல, அவள் அதைப் பள்ளிக்கூட ஆங்கிலமாக்கித் தட்டினாள். நடுவில் இரண்டு பேருக்கும் சண்டை. "இவ்ளோ பேசுனேன், ரெண்டே வரி எழுதிக்கீற" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பதிலோடு ஒரு படமும் வந்தது. ஏதோ ஒரு வீட்டுப் புல்தரையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், இரண்டு கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது சந்தித்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. நைனா அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். யாரப்பா இந்த வெள்ளைக்காரர்கள் என்று ஒருவர் குரல் பதிவில் கேட்டிருந்தார்.

நைனா போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, "நம்மாளுங்கதான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.